மின்விசிறியை நிறுத்துங்கள்: கண்தானம் எப்படி நடக்கிறது?

தாத்தாவின் கண்தான அட்டை அவர் இறந்த பதினான்காம் நாள் கிடைத்தது. கருமாதிக்கு முன்பாக வீட்டுப் பத்திரத்தைத் தேடி இரும்புப் பீரோவைக் குடைந்தபோது, ரேஷன் கார்டுக்கும் இன்சூரன்ஸ் ரசீதுகளுக்கும் நடுவில் இருந்தது. தெலுங்கில் அச்சடித்த அட்டை. கீழே தாத்தாவின் தமிழ்க் கையெழுத்து. சித்தப்பா மகன் எழுத்துக்கூட்டிப் படித்து முடித்ததும் யாருக்கும் பேச்சு எழவில்லை. பெரியம்மா மட்டும், "மாமா ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

எங்கள் ஊர் ஏகாம்பரகுப்பம், நகரியை ஒட்டியது. 1960-இல் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போயிற்று. நகரியும் புத்தூரும் சித்தூரும் ஆந்திரத்திலேயே தங்கின. வீட்டிலும் தறியிலும் தமிழ், அலுவலகத்தில் தெலுங்கு என்று பழகிவிட்டோம். அச்சடித்த தாள் எது வந்தாலும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை வரட்டும் என்று பீரோவில் வைத்துவிடுவது எங்கள் ஊர்ப் பழக்கம். தாத்தாவும் அப்படியே வைத்துவிட்டார். ஏதோ முகாமில் மனமாரக் கையெழுத்துப் போட்டவர், வீட்டில் அதைச் சொல்லவே இல்லை.

கண்தானம் என்றால் அட்டையில் கையெழுத்துப் போடுவது என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அட்டை ஒரு விருப்பக் கடிதம், அவ்வளவே. கண்ணைக் கொடுக்கிறவர்கள் வீட்டில் இருப்பவர்கள். அதுவும் அழுகையும் கூட்டமுமாக, எதையும் யோசிக்க முடியாத சில மணி நேரத்துக்குள். அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முன், எதைக் கொடுக்கிறோம் என்பது தெளிவாக வேண்டும்.

எங்கள் பக்கத்தில் கண்தானக் கூட்டம் என்றால் மேடை ஏறுகிறவர் கண்ணப்பரில்தான் தொடங்குவார். காளத்தி பக்கத்தில் இருக்கும்போது வேறு எங்கே தொடங்குவது? லிங்கத்தின் கண்ணில் குருதி வழிகிறது. பச்சிலை பிழிந்தும் நிற்கவில்லை. 'ஊனுக்கு ஊன்' என்ற பழமொழி நினைவுக்கு வர, வேடன் தன் கண்ணை அம்பால் பெயர்த்து அப்புகிறான். மறு கண்ணிலும் குருதி வந்ததும், இடம் தெரிவதற்காகக் காலை லிங்கத்தின் மேல் ஊன்றிக்கொண்டு, இருக்கிற ஒரு கண்ணுக்கும் அம்பை எடுக்கிறான். நூறு முறை கேட்டாலும் அந்தக் காலை ஊன்றும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும்.

ஆனால் கண்தானம் பற்றி எங்கள் ஊரில் உலவும் பயங்களில் பாதி இந்தக் கதையிலிருந்து வந்தவை என்றே நினைக்கிறேன். கண்ணைத் தோண்டி எடுப்பார்கள், எடுத்த இடம் குழியாக இருக்கும், தோண்டிய கண்ணை அப்படியே இன்னொருவருக்கு வைத்துவிடுவார்கள் என்று மூன்று பயங்கள். மூன்றுமே உண்மையல்ல.

முழுக் கண்ணைப் பொருத்திப் பார்வை வரவழைக்க இன்றுவரை முடியவில்லை. 2023-இல் நியூயார்க்கில் ஒருவருக்கு முகத்தின் ஒரு பகுதியோடு சேர்த்து முழுக் கண்ணையே மாற்றிப் பொருத்தினார்கள். கண்ணுக்கு ரத்த ஓட்டம் கிடைத்தது, பார்வை வரவில்லை. கண்ணுக்கும் மூளைக்கும் நடுவில் ஓடுகிற நரம்பில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் இருக்கின்றன. பழைய பாவு தீர்ந்ததும் புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்கிறவர்களைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அது எப்பேர்ப்பட்ட வேலை என்று தெரியும். ஆனால் தறியில் அறுந்த நூலை முடிந்துவிடலாம். இந்த நரம்பில் முடிச்சுப் போட இன்னும் யாருக்கும் வழி தெரியவில்லை.

மாற்றிப் பொருத்துவது கண்ணின் முன்பக்கத்தில் இருக்கிற ஒரு மெல்லிய ஏட்டை மட்டுமே. மருத்துவர்கள் கார்னியா என்கிறார்கள். செய்தித்தாள்களில் கருவிழி என்று எழுதுகிறார்கள். இந்தச் சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. கருவிழி என்றால் கண்ணில் கறுப்பாகத் தெரிகிற வட்டம் என்று நினைத்து, அதை எடுத்துவிட்டால் கண் வெறும் வெள்ளையாகிவிடுமே என்று என் அத்தை ஒரு முறை கேட்டார். நியாயமான கேள்வி. உண்மையில் தானமாகப் போகிற ஏட்டில் கறுப்பே கிடையாது. கைக்கடிகாரத்தில் முள்ளுக்கும் எண்ணுக்கும் மேலே கண்ணாடி மூடியிருப்பதைப்போல, கறுப்பு வட்டத்துக்கு மேலே நிறமே இல்லாமல் மூடியிருப்பது அது. குறுக்களவு 11 அல்லது 12 மில்லிமீட்டர். நடுவில் கனம் அரை மில்லிமீட்டர்.

அதில் ரத்தக்குழாய் கிடையாது. இருந்தால் வழியை மறைக்கும், வெளிச்சம் உள்ளே போகாது. ஆகவே காற்றிலிருந்து கண்ணீர் வழியாகவும், கண்ணுக்குள் ஊறுகிற நீரிலிருந்தும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. கண்தானத்தின் விதிகள் பலவும் இந்த ஒரு செய்தியிலிருந்து பிறந்தவை. இதயம் நின்ற பிறகும் கருவிழி சில மணி நேரம் தாக்குப்பிடிப்பது இதனால்தான். வழக்கமான கருவிழி மாற்றத்தில் கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் ரத்த வகை ஒத்துப்போகிறதா என்று பார்க்காததும் இதனால்தான். இறந்தபின் சிறுநீரகமும் இதயமும் கொடுக்க வேண்டுமென்றால், பெரும்பாலும் மூளைச்சாவு அடைந்து மருத்துவமனையில் கருவியின் துணையோடு இருக்க வேண்டும். கண்ணுக்கு அது வேண்டாம். திண்ணையில் உட்கார்ந்தபடியே உயிர் பிரிந்தவரும் கொடுக்கலாம்.

கருவிழியின் பின்பக்கத்தில் ஒரே அடுக்காக ஓர் உயிரணு வரிசை இருக்கிறது. ஓயாமல் நீரை வெளியே இறைப்பதே அதன் வேலை. இறைப்பது நின்றால் கருவிழி நீர் கோத்து ஊதி, மங்கிப்போகும். இந்த அணுக்கள் நமக்குப் பிறவியில் வந்த சொத்து. செத்தால் மறுபடி முளைப்பதில்லை.

கண்ணில் பூ விழுந்துவிட்டது என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அது பெரும்பாலும் கருவிழியில் விழுந்த தழும்பு. புரை வேறு, பூ வேறு. புரை உள்ளே இருக்கிற லென்சில் விழுவது. அதை எடுத்துச் செயற்கை லென்ஸ் வைத்துவிடுவார்கள், யாருடைய தானமும் தேவையில்லை. பூவுக்குத்தான் மாற்றுக் கருவிழி வேண்டும். சித்தூர்ப் பக்கம் கரும்பு வெட்டுகிறவர்களுக்குத் தோகை கண்ணில் அறுத்துவிடும். களத்தில் உமி தெறிக்கும். கீறல் சிறியதுதான், ஆனால் மண்ணிலும் பயிரிலும் இருக்கிற பூஞ்சை அதன் வழியாக இறங்கிப் புண்ணாக்கிவிடும். புண் ஆறினாலும் தழும்பு நிற்கும். வெற்றிலைச் சுண்ணாம்பு தெறித்துக் கண் வெந்த குழந்தைகள் உண்டு. இந்த மாதிரி நேரத்தில் பச்சிலைச் சாறு, தாய்ப்பால் என்று கண்ணில் ஊற்றுவது புண்ணுக்கு உரம் போடுவதற்குச் சமம். கண்ணப்பர் கதையிலேயே பச்சிலை பலிக்கவில்லை என்பதைக் கேட்கிறவர்கள் கவனிப்பதில்லை. எலும்பு முறிந்தால் புத்தூர்க் கட்டுக்கு ஓடுகிறவர்கள் நாங்கள், நாட்டு வைத்தியத்தின் மேல் எனக்கு வெறுப்பில்லை. கண்ணில் மட்டும் வேண்டாம் என்கிறேன்.

கண் நீர் அழுத்தத்தாலோ, சர்க்கரை நோயில் விழித்திரை கெட்டோ பார்வை போனவர்களுக்குக் கருவிழி மாற்றுவதால் பயனில்லை. வாசல் கதவு நன்றாக இருந்து உள்ளே விளக்கு அணைந்துவிட்ட வீடு அது.

இந்தச் சிகிச்சை நேற்று வந்ததல்ல. 1905 டிசம்பரில், இன்றைய செக் நாட்டில் இருக்கிற ஓலோமூட்ஸ் என்ற ஊரில் எட்வர்ட் சிர்ம் என்ற மருத்துவர் முதன்முதலாக வெற்றி கண்டார். நோயாளி ஒரு கூலித் தொழிலாளி. அவருடைய இரண்டு கண்களையும் வேகவைத்ததும் சுண்ணாம்புதான். காயத்தால் எடுத்தே ஆக வேண்டியிருந்த ஒரு சிறுவனின் கண்ணிலிருந்து கருவிழி கிடைத்தது. இறந்தவர்களின் கண்ணையே இதற்குப் பயன்படுத்தலாம் என்பதை 1930-களில் ஒடெசாவில் ஃபிலாட்டோவ் நிலைநாட்டினார். 1944-இல் நியூயார்க்கில் கண் வங்கி தொடங்கியது. அடுத்த ஆண்டே, 1945-இல், சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் மருத்துவர் முத்தையா இந்தியாவின் முதல் கண் வங்கியைத் தொடங்கிவிட்டார். நாடு விடுதலை அடைவதற்கு முன்பே இது நடந்திருக்கிறது என்பது எனக்கு இன்னும் வியப்பு.

இலங்கையில் ஹட்சன் சில்வா என்ற மருத்துவர் கண் கொடுங்கள் என்று நாட்டையே கேட்டவர். 1960-இல் அவருடைய தாய் இறந்தபோது தாயின் கருவிழிகளை ஓர் ஏழை விவசாயிக்குப் பொருத்தினார். ஊருக்குச் சொன்னதைச் சொந்த வீட்டில், அதுவும் தாயின் சாவன்று செய்து காட்டுவது எவ்வளவு கடினம் என்பது, சாவு வீட்டில் தொலைபேசியைக் கையில் எடுத்தவர்களுக்குத்தான் தெரியும்.

பெரியம்மா இறந்தபோது எங்களுக்குத் தெரிந்தது.

தாத்தாவின் அட்டையைப் பார்த்த அன்றைக்கே பெரியம்மா கண் வங்கியின் எண்ணைக் கேட்டு வாங்கி, தறி ஓடுகிற கூடத்துச் சுவரில் அடுப்புக்கரியால் எழுதினார். ஒவ்வோர் எண்ணும் ஒரு சாண் உயரம். அவருக்கு எழுதப் படிக்க அவ்வளவாக வராது. எண்கள் மட்டும் மணி மணியாக வரும். வருகிறவர்கள் எல்லாரும் இது என்ன எண் என்று கேட்பார்கள். "நான் போனால் கூப்பிட வேண்டியது" என்பார். பவர்லூம் சத்தத்தில் பாதி பேருக்குக் காது கேட்காது. மறுபடி கத்திச் சொல்வார். இப்படியாக நகரிக்கும் புதுப்பேட்டைக்கும் தெரிந்துபோயிற்று. கையெழுத்துப் போட்ட அட்டை அவரிடம் கடைசிவரை கிடையாது.

சித்திரை மாதம், இரவு ஒன்பது மணிக்கு நெஞ்சுவலியில் போனார். வயது 71. சர்க்கரை நோய் உண்டு. இரண்டு கண்ணிலும் புரை அறுவை செய்து கண்ணாடி போட்டிருந்தார். இதையெல்லாம் வைத்து, "இந்தக் கண்ணை யாருக்கு வைப்பார்கள்?" என்று உறவில் ஒருவர் கேட்டார். வயது தடையல்ல. கண்ணாடி, சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, புரை அறுவை எதுவும் தடையல்ல. எய்ட்ஸ் கிருமி, பி, சி வகை மஞ்சள் காமாலை, வெறிநாய்க்கடி, ரத்தப் புற்றுநோய், ரத்தத்தில் பரவிய கடும் தொற்று, காரணம் தெரியாத சாவு ஆகியவற்றில் கண்ணை எடுத்துப் பொருத்துவதில்லை. இதை முடிவு செய்ய வேண்டியவர்கள் கண் வங்கிக்காரர்கள். தகுதி இருக்கிறதா என்று நாமே பஞ்சாயத்து பண்ணிக்கொண்டு கூப்பிடாமல் விடுவதுதான் பெரிய நஷ்டம்.

கூப்பிட்டவர் வீட்டின் சின்ன மருமகள், எனக்கு அண்ணி. மற்றவர்கள் உறவுக்குத் தாக்கல் சொல்லத் தொலைபேசியைத் தேடிக்கொண்டிருக்க, அவர் தறிக்கூடத்துக்குப் போய்ச் சுவரைப் பார்த்து எண்ணை அழுத்தினார். மறுமுனையில் தெலுங்கில் கேட்டார்கள்: எத்தனை மணிக்கு உயிர் பிரிந்தது, எதனால், காமாலை இருந்ததா, நாய் கடித்ததா, வீட்டுக்கு எப்படி வருவது. பிறகு நான்கு காரியங்களைச் செய்து வைக்கச் சொன்னார்கள். இமைகளை மூடி, சுத்தமான தண்ணீரில் நனைத்த பஞ்சை மேலே வைக்க வேண்டும். தலைக்குக் கீழே தலையணை வைத்து உயர்த்த வேண்டும், இல்லாவிட்டால் எடுக்கிற நேரத்தில் ரத்தம் கசியும், முகம் வீங்கும். மருத்துவரை வரவழைத்து இறந்ததற்கான சான்றை வாங்கி வைக்க வேண்டும். நான்காவது, மின்விசிறியை நிறுத்த வேண்டும்.

முதல் மூன்றும் எளிதாக முடிந்தன. நான்காவதுதான் எங்களைப் படுத்தியது. சித்திரை வெயில் இரவிலும் சுவரில் கொதித்துக்கொண்டிருந்தது. கூடத்தில் நாற்பது பேர். அண்ணி விசிறியை நிறுத்துவார். பெரிய அத்தை, அதாவது பெரியம்மாவின் நாத்தனார், எழுந்து போய்ப் போடுவார். மறுபடி நிறுத்துவார். மறுபடி போடுவார். "அவளுக்குப் புழுங்காதா?" என்பது அவருடைய வாதம். உயிர் போன உடம்புக்குப் புழுங்குமா என்று யாரோ கேட்டதற்கு, "நீ போய்ப் பார்த்துவிட்டு வந்தாயா?" என்றார். இதற்கு யாரிடமும் பதில் இல்லை.

காற்று ஏன் ஆகாது என்பதை அந்த நேரத்தில் யாரும் அவருக்கு விளக்கவில்லை, இப்போது எழுதுகிறேன். உயிர் இருக்கும்போது நிமிடத்துக்குப் பல முறை இமைத்துக் கண்ணீரால் கருவிழியை நனைத்துக்கொண்டே இருக்கிறோம். இறந்தபின் இமைப்பு இல்லை. இமை கொஞ்சம் திறந்திருந்து மேலே விசிறி ஓடினால், அந்த அரை மில்லிமீட்டர் ஏடு காய்ந்து மேல்தோல் உரிந்துவிடும். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்கிற கெடுவும் இதைச் சேர்ந்ததுதான். நேரம் ஆக ஆக, நீர் இறைக்கிற பின்பக்க அணுக்கள் ஒவ்வொன்றாகச் சாகும். எங்கள் ஊர் வெயிலில் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஏ.சி. இருந்தால் போட்டு வைக்கலாம். குளிர்பெட்டி வந்துவிட்டால் அதில் வைப்பதும் நல்லதே.

விசிறிக்கு அடுத்தபடி அத்தை எடுத்தது மறுபிறவி. கண்ணைக் கொடுத்துவிட்டுப் போனால் அடுத்த பிறவியில் குருடாகப் பிறப்பாளே என்றார். சாமி பேரைச் சொல்லியே இதற்கு மறுப்புச் சொல்லலாம். கண்ணைக் கொடுத்தவரைக் காளத்தியில் கும்பிடுகிறோமே தவிர குருடரானார் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் சாவு வீட்டில் வாதம் எடுபடாது. வாதம் செய்யவும் கூடாது. கடைசியில் பெரியப்பாவைக் கேட்டார்கள். அவருக்குக் காதும் மந்தம், அன்றைக்கு மனமும் எங்கோ. மூன்று முறை சொன்ன பிறகு புரிந்துகொண்டு, "அவள் சுவரில் எழுதியதை நான் அழிக்கவா?" என்று மட்டும் கேட்டார்.

சட்டத்திலும் அந்தக் கேள்விதான் இருக்கிறது. 1994-இல் நாடாளுமன்றம் உறுப்பு மாற்றுச் சட்டத்தை இயற்றியது. ஆந்திரம் அதே அடிப்படையில் 1995-இல் தனக்கு ஒரு சட்டம் செய்துகொண்டது. உயிரோடு இருக்கும்போது சாட்சிகள் முன் எழுதிக் கொடுத்திருக்கலாம். எழுதாவிட்டாலும், அவர் மறுத்ததில்லை என்றால், உடலுக்கு உரிய நெருங்கிய உறவினர் சம்மதக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம். அட்டை இருந்தும் வீட்டார் வேண்டாம் என்று நின்றால் கண் வங்கிக்காரர்கள் நடைமுறையில் திரும்பிப் போய்விடுவார்கள். அழுகிற வீட்டில் அட்டையைக் காட்டிச் சண்டை போட மாட்டார்கள். எங்கள் வீட்டில் இரண்டையும் பார்த்துவிட்டோம். அட்டை இருந்த தாத்தாவின் கண் போகவில்லை, அட்டை இல்லாத பெரியம்மாவின் கண் போயிற்று.

பதினொன்றே முக்காலுக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒரு சிறிய பெட்டி, ஒரு ஐஸ் பெட்டி. எல்லையோர ஊரில் எந்த மாநிலத்துக் கண் வங்கியைக் கூப்பிடுவது என்று குழம்ப வேண்டியதில்லை. எங்கிருந்து வண்டி முதலில் வந்து சேரும் என்பதே கணக்கு. பெரியப்பாவின் கையெழுத்தை வாங்கினார்கள். ஒரு பெரிய விளக்கு கேட்டார்கள். தறியிலிருந்து இறக்கியிருந்த சேலையைப் பிடித்து மறைப்புக் கட்டினோம். வேலை இருபது நிமிடத்தில் முடிந்தது. முன்பெல்லாம் கண் உருண்டையை முழுதாக எடுப்பது வழக்கம். இப்போது பல கண் வங்கிகள் கருவிழியையும் அதைச் சுற்றி வெள்ளைப் பகுதியில் ஒரு சிறு விளிம்பையும் மட்டும் எடுக்கின்றன. எடுத்த இடத்தில் பிளாஸ்டிக்கில் ஒரு மூடியை வைத்து இமையை மூடிவிடுகிறார்கள். கிருமிச் சோதனைக்காகக் கொஞ்சம் ரத்தமும் எடுத்துக்கொண்டார்கள். காசு வாங்கவில்லை, கொடுக்கவும் இல்லை. கண்ணை விற்பதும் வாங்குவதும் குற்றம்.

மறைப்பை எடுத்ததும் முதலில் போய்ப் பார்த்தது பெரிய அத்தைதான். குனிந்து இரண்டு இமையையும் விரலால் தடவினார். முந்தானையால் நெற்றியைத் துடைத்துக் குங்குமத்தைச் சரியாக வைத்தார். தூங்குகிற முகம் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. அத்தை ஒன்றும் சொல்லாமல் போய் உட்கார்ந்து மறுபடி அழத் தொடங்கினார்.

கண் வங்கியில் அடுத்து நடப்பதை நாம் பார்ப்பதில்லை. நுண்ணோக்கியில் வைத்து, அந்த நீர் இறைக்கும் அணுக்களை எண்ணுகிறார்கள். ஒரு சதுர மில்லிமீட்டரில் 2,000-க்கு மேல் இருந்தால் நல்ல கருவிழி. ஊட்டத் திரவத்தில் குளிராக வைத்தால், திரவத்தைப் பொறுத்து, நான்கு நாள் முதல் பதினான்கு நாள் வரை தாங்கும். அப்படிப் பதினான்கு நாள் வைக்கிற திரவம் ஒன்று மதுரையிலேயே தயாராகிறது.

பொருத்தும்போது, பூ விழுந்த பகுதியை வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு, அதே அளவில் வெட்டிய கருவிழியை வைத்துத் தைக்கிறார்கள். பொதுவாகப் பதினாறு தையல். தைக்கிற நைலான் நூல் தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு கனம்கூட இருக்காது. எண்பதாம் நம்பர், நூறாம் நம்பர் நூல் என்று பேசிக்கொண்டிருக்கிற எங்கள் ஊர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். தையல் பல மாதம் அப்படியே இருக்கும். சொட்டு மருந்தை நிறுத்தக் கூடாது. ஆண்டுகள் கழித்தும் கண் சிவந்து, வெளிச்சம் கூசி, பார்வை மங்கினால், உடம்பு அந்த ஏட்டை அந்நியமாக நினைத்துத் தள்ளப் பார்க்கிறது என்று பொருள். அன்றைக்கே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

இப்போது முழு ஏட்டையும் மாற்றாமல், கெட்ட அடுக்கை மட்டும் மாற்றுகிற முறைகள் வந்துவிட்டன. ஒருவருக்கு முன் அடுக்கு, இன்னொருவருக்குப் பின் அடுக்கு என்று ஒரே கருவிழியை இரண்டு பேருக்குக் கொடுக்கலாம். 2021-இல் கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் இறந்தபோது அவருடைய இரண்டு கருவிழிகள் நான்கு பேருக்குப் போயின. 2006-இல் அவர் தந்தை ராஜ்குமாரின் கண்களும் தானமாகப் போனவைதான். ஒரு வீட்டில் ஒருமுறை நடந்துவிட்டால் அடுத்த முறை யாரும் மின்விசிறிக்குச் சண்டை போட மாட்டார்கள் என்று தோன்றுகிறது.

பெரியம்மாவின் கண்களில் ஒன்றுதான் பொருத்தப்பட்டது. மற்றதில் அணுக்கள் போதவில்லை. பயிற்சிக்கு எடுத்துக்கொள்வதாகத் தொலைபேசியில் சொன்னார்கள். புரை அறுவை செய்த வயதான கண்களில் இப்படி ஆவது உண்டு. எடுக்கப்படும் எல்லாக் கருவிழியும் பொருத்தப்படுவதில்லை என்பதைக் கூட்டங்களில் சொல்லத் தயங்குகிறார்கள். சொல்லிவிடலாம் என்பது என் கட்சி. தெரிந்து கொடுக்கிறவர்களுக்கு அது குறையாகப் படாது. அந்தக் கண்ணில்தான் யாரோ ஓர் இளம் மருத்துவர் முதல் தையலைப் போட்டுப் பழகியிருப்பார்.

யாருக்குப் பொருத்தினார்கள் என்று சொல்வதில்லை. பெற்றவருக்கும் கொடுத்தவர் யார் என்று தெரியாது. நன்றிக் கடிதம் தெலுங்கில் வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளை வரும்வரை பெரியப்பா அதைப் பீரோவில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆணுக்கா பெண்ணுக்கா என்று பெரிய அத்தை கேட்டார். கடிதத்தில் இல்லை என்றதும், "அதைக்கூட எழுதாமல் என்ன கடிதம்?" என்றார்.

அத்தை மாறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். என் கண்ணைத் தொட்டால் தெரியும் என்று இன்றைக்கும் சொல்கிறார். அது அவர் விருப்பம், அதையும் வீட்டில் எல்லாரிடமும் சொல்லித்தான் வைத்திருக்கிறார். போன மாதம் எதிர்வீட்டுப் பாவு ஓட்டுகிற தாத்தா இறந்தார். அவர் கண் கொடுக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தவர். நான் போனபோது கூடம் முழுக்க வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. ஒருவர் எழுந்து சுவிட்சுப் பக்கம் போனார். அங்கே, சுவிட்சுக்குக் கீழே நாற்காலி போட்டுச் சாய்ந்து உட்கார்ந்து, பனையோலை விசிறியால் தனக்கு மட்டும் வீசிக்கொண்டிருந்தார் எங்கள் பெரிய அத்தை.